கேம்பேடில் பறக்கிற விமானம் கிடைக்கவில்லை, மாப்பிள்ளை

உ
சிவமயம்

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை

மெல்போர்னில் சகல சௌபாக்கியங்களோடும் இருக்கும் மாப்பிள்ளை கார்த்திக் அவர்களுக்கு, மாமனார் தண்டாயுதபாணி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உமையாளும், என் வலது தோள்பட்டை ஒன்றைத் தவிர, சௌக்கியம். அங்கே நீங்களும், மாதம் நிறைந்துகொண்டிருக்கும் சாலாவும் சுகமாக இருக்கக் கொப்புடையம்மன் துணையிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் போனைச் சாலாவும் எடுத்துப் பார்ப்பாள். இது மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருக்கவேண்டிய விஷயம். தலைப்பிரசவத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள்தான் பார்க்கவேண்டும்; அவளால் இங்கே வர முடியாமல் போனதால் நாங்கள் இருவரும் அங்கே வருவதாகப் பேச்சு. விசாவும் வந்துவிட்டது. உமையாள் பிரசவ மருந்துக்கு வேண்டியதையெல்லாம் இடித்துச் சலித்து டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையிலும் வைத்துவிட்டாள். இனி விமானத்தில் ஏறவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றில்தான் நான் நிற்கிறேன். நான் ஏறாவிட்டால் உமையாளும் ஏறமாட்டாள். பாஷை தெரியாமல், சிங்கப்பூரில் இறங்கி விமானம் மாறி, தனியாக வர அவளால் ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு விமானம் என்றால் பயம் என்று சாலா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பயம் இல்லை மாப்பிள்ளை. பெயிண்ட் கடை வியாபாரத்துக்காக டெல்லி வரைக்கும் ரயிலிலேயே போய்வந்தவன் நான். ரயில் வழியில் நின்றுவிட்டால் இறங்கி நிற்க ஒரு தரை இருக்கும். அந்தத் தரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிப்பு அதிகம், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டுதான் நீங்களும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்த வி.ஆர். பெட்டியை உங்கள் சிநேகிதர் மூலம் கொடுத்தனுப்பினீர்கள். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டை ஆடிப் பழகினால் மனசும் பழகிவிடும் என்று சொன்னீர்கள். பெட்டியோடு வந்த இரண்டு கைப்பிடிகளைத் தூக்கி வீசி ஆட என் தோள்பட்டை இடம் கொடுக்காது என்பதால், உங்கள் மைத்துனன் நாராயண் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது பீரோவில் விட்டுப்போன சாதாரண கேம்பேடிலேயே, மடியில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளி ஆடக்கூடிய விளையாட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன் என்றீர்கள். அந்தத் தேர்வு நடந்த விதத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன். பொறுமையாகப் படிக்கவேண்டும்.

பெட்டி வந்த அன்று கரிநாள். அதனால் பிரிக்காமல் வைத்திருந்து, நல்ல நாள் பார்த்துப் பிரித்தோம். உங்களுக்குத்தான் தெரியுமே, உமையாள் வீட்டுக்குப் புதுச்சாமான் எது வந்தாலும், மிக்ஸியானாலும் காரானாலும், சந்தனம் குங்குமம் வைக்காமல் அதைத் தொடவிடமாட்டாள். உங்கள் பெட்டியின் முகப்பிலோ, மூலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள், பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தன. எல்லாவற்றிலும் சந்தனத்தைத் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கொடுத்தாள். மாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அறை இருட்டாக இருக்கிறது, விளக்கைப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் வந்தது. போட்டோம். பட்டப்பகலில் வீட்டிலுள்ள அத்தனை விளக்கையும் போட்டோம். அப்படியும் இருட்டு என்றது. நாற்காலியோடு வெளி வாசலுக்குப் போய் வெயிலில் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் கண் ஆபரேஷன் எப்போது நடந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நாராயணுக்குப் போன் போட்டால், அணைத்துப் போடுங்கள், மறுபடி அணைத்துப் போடுங்கள் என்று காலைப் பொழுது முழுவதையும் ஓட்டினான். பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அப்புறம், "அப்பச்சி, அது பொட்டு வைக்கிற இடம் இல்ல. அதோட கண்ணு" என்றான். ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். ஒரு கண்ணில் மட்டும் மஞ்சள் இன்னும் போகவில்லை. அந்தப் பக்கமாகப் பார்த்தால் உமையாள் காமாலைக்காரிபோல் தெரிகிறாள். அவளிடம் சொல்லவில்லை.

விளையாட்டு விற்கும் கடை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான் நானும் பார்த்தேன், வேறு முறை எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. வரன் என்று வந்தால், ஒரே கோயிலானால் அண்ணன் தங்கை முறையாகிவிடும் என்பதால், எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம் இல்லையா, அதுபோல முதலில் கேம்பேடுக்கு ஒத்துவருமா, உட்கார்ந்து ஆடலாமா, தலை சுற்றுமா என்று பார்க்கவேண்டும். இதெல்லாம் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் என்பதை நாராயண்தான் சொன்னான். மேலே விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஆசையாகக் கீழே இறங்கிப் பார்த்தால் கேம்பேடு ஆகாது என்று போட்டிருக்கும். அப்படி மனதுக்குப் பிடித்துக் கோயில் ஒன்றாகிப்போன வரன்களாக எத்தனையோ தட்டிப்போயின. மிஞ்சியவற்றுக்கு, ஏற்கெனவே ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒருவர் வாந்தி எடுத்துவிட்டுப் பிரமாதம் என்று முழு நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார். இவர்களை நம்பி என்ன முடிவு எடுப்பது? உங்களைப் பற்றித் தேவகோட்டையில் விசாரித்தபோதும் எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள், ஒருவர் மட்டும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி என்றார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெட்டி வந்த பிறகு அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம் என்று சில விளையாட்டுகள் இருந்தன. முதலில் எடுத்தது கழுகாகப் பறக்கிற விளையாட்டு. விமானத்தைவிடக் கழுகு மேல், அதில் நாமேதானே பறக்கிறோம், இன்னொருவனை நம்பவேண்டியதில்லை என்று நினைத்தேன். கேம்பேடு அடையாளமும் போட்டிருந்தது. உள்ளே போனால், எந்த மலையிலிருந்து பறப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டும்தான் கேம்பேடு. பறப்பதற்குக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் அடிக்கவேண்டுமாம். வலது கை தூக்க வராது. மலை உச்சியில் எவ்வளவு நேரம்தான் நிற்பது, இடது கையை மட்டும் அடித்தேன். ஒற்றைச் சிறகில் கழுகு ராட்டினம் சுற்றுவதுபோல் சுற்றியது, நானும் நாற்காலியில் சுற்றினேன். சூடாகக் கந்தரப்பம் கொண்டுவந்த உமையாள் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்திருக்கிறாள். தட்டு எழும்பிய உயரத்துக்குக் கழுகு எழும்பவில்லை.

அடுத்தது போர் விமானம். இது கேம்பேடில் நன்றாகவே ஓடியது. ஆனால் ஏறி உட்கார்ந்து மேல்மூடியைச் சாத்துவதற்கு மட்டும் கைப்பிடி வேண்டும். வீடு முழுக்க ஒரே சாவி என்று சொல்லிவிட்டு வாசற்கதவுக்கு மட்டும் வேறு சாவி கேட்கிற கதைதான். இதற்காகக் கைப்பிடியை உமையாளிடம் கொடுத்து, நான் சொல்லும்போது அழுத்து என்றேன். அவள் நான் சொல்லும்போதும் அழுத்தினாள், சொல்லாதபோதும் அழுத்தினாள். எனக்கு முன்னால் நம் பக்கத்து விமானம் ஒன்று சிவனே என்று போய்க்கொண்டிருந்தது. இவள் அழுத்திய வேகத்தில் எங்கிருந்தோ ஒரு ஏவுகணை கிளம்பிப் போய் அதை அடித்தது. அதன் பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டு என்னைச் சுட்டார்கள். கடையில் கடன் சொல்லிவிட்டுப் போனவனிடம்கூட அதட்டிப் பேசாதவன் நான், எனக்கு ஏன் இந்தப் பகை?

மூன்றாவதாக, நிஜ விமானம் மாதிரியே பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற விளையாட்டு. இதுதான் நமக்குச் சரியான பயிற்சி என்று நினைத்தேன். கேம்பேடு போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போதும்தான், ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினால் சக்கரம், அதையே விட்டுவிட்டுத் தள்ளினால் விளக்கு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்னவென்று அவர்களுக்கே தெரியாது. இன்ஜின் கிளம்புவதற்குள் எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்று உமையாள் கேட்டாள். திசைகாட்டியைப் பார்த்துக் கிழக்கு என்றேன். கிழக்கே சூலம், தயிர் சாப்பிடாமல் கிளம்பக்கூடாது என்று உள்ளே ஓடினாள். விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது மாப்பிள்ளை, என்னால் நிறுத்த முடியவில்லை. முகத்தில் பெட்டி இருக்கிறது, கையில் கேம்பேடு இருக்கிறது, வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் ஊட்டிய தயிர் மூக்கில் ஏறியது. அத்தனை பயணிகளோடும் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப்போய் ஒரு வயலில் நின்றது. யாருக்கும் அடி இல்லை. இருந்தாலும், ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற யோசனை எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

இதை மறுபடியும் ஒருமுறை ஓட்டி, எப்படியோ மேலே ஏற்றி, மேகத்துக்குள் விமானம் குலுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் தாயார் வந்தார்கள். அவர்கள் வருவதாகச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. உமையாள் பக்கத்தில் நிற்கிறாள் என்ற எண்ணத்தில், பிடிச்சுக்க, விட்டுறாத என்று சொல்லிக் கையை நீட்டினேன். கையில் அகப்பட்டது உங்கள் தாயாரின் குடை. அதை இறுகப் பிடித்துக்கொண்டு நான் தரையிறங்கும்வரை, மரியாதைக்காக அவர்களும் மறுமுனையை விடாமல் நின்றிருக்கிறார்கள். சம்பந்தி குரல் கேட்டதும் எழுந்து, வாங்க வாங்க என்று கும்பிட்டு வரவேற்றேன். பீரோவைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று உமையாள் பிறகு சொன்னாள்.

"ஆச்சி, அண்ணன் எங்குட்டுப் போறாக?" என்று உங்கள் தாயார் கேட்டார்கள்.

"மெல்போர்னுக்குத்தான் பழகிக்கிட்டு இருக்காக" என்றாள் உமையாள்.

உங்கள் தாயார் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாகவேண்டும், பெரிய மனுஷி. உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் பதமாகத்தான் சொன்னார்கள். "அண்ணன் இம்புட்டுச் சிரமப்பட வேணாம், ஆச்சி. எனக்குத்தான் விசா இருக்கே, நான் போயிட்டு வாரேன். புள்ளைய நான் பாத்துக்கிறேன்." குத்தல் ஒன்றும் இல்லை, மனதார வந்த வார்த்தை. ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் வீட்டில் உட்கார்ந்திருக்க, பையனைப் பெற்றவர் பிரசவம் பார்க்கப் போனால் ஊர் என்ன பேசும் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஊர் மறந்துபோயிற்று. அவர்கள் போனதும் உமையாள் பையைத் திறந்து, மருந்து டப்பாவை எடுத்து அலமாரியிலேயே திருப்பி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அந்த வீம்பில்தான் நாலாவது விளையாட்டைத் தேடி எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. மேல்மூடி இல்லாத பழைய காலத்துச் சின்ன விமானம். தீவு தீவாகப் போய்த் தபால் மூட்டையை இறக்கவேண்டும், அவ்வளவுதான். முழுக்க முழுக்கக் கேம்பேடு. உட்கார்ந்தே ஆடலாம். சுடுவதற்கு ஆள் இல்லை. இடது கட்டைவிரலில் திருப்பம், வலது கட்டைவிரலில் ஏற்றம் இறக்கம், தோள்பட்டைக்கு வேலையே இல்லை. முதல் தீவில் தண்ணீரில் இறக்கினேன், இரண்டாவது தீவில் மரத்தில் இறக்கினேன், அதற்குப் பிறகு தரையிலேயே இறக்கினேன். சக்கரம் தரையைத் தொடுவது தெரியாமல் இறக்குகிறேன் என்று நாராயணே பாராட்டினான். நானும் உமையாளிடம், இதையே மாப்பிள்ளையிடம் சொல்லி வாங்கிவிடலாம், டிக்கெட்டும் போடச் சொல்லிவிடலாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. டப்பா பைக்குப் போயிற்று.

கடைசியாக ஒரு தீவு இருந்தது, தூரத்தில். போய்க்கொண்டே இருக்கிறேன், வரவே இல்லை. சும்மா இருக்காமல் குனிந்து கீழே பார்த்தேன். கடல். திரும்பிப் பின்னால் பார்த்தேன், அங்கேயும் கடல். ஒரு வீடு இல்லை, ஒரு கோபுரம் இல்லை, இங்கே ஒருத்தன் போகிறான் என்று அண்ணாந்து பார்க்க ஒரு ஆள் இல்லை. என் வீட்டுக்குள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். பெட்டியைக் கழற்றிவிட்டேன். பயந்துவிட்டேன் என்று எழுதக்கூடாதென்று இவ்வளவு நேரம் பார்த்தேன், எழுதிவிட்டேன். எனக்குப் பயம்தான் மாப்பிள்ளை. பொம்மைக் கடலுக்கே இப்படியென்றால், நிஜக் கடலுக்குமேல் வந்து சேருவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே என் முடிவு இது. எந்த விளையாட்டும் வாங்கவேண்டாம். பெட்டியை அடுத்து யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பிரசவத்துக்கு உங்கள் தாயாரையே வரச் சொல்லிவிடுங்கள். மருந்து டப்பாவை அவர்களிடம் சேர்ப்பித்துவிடுகிறேன், எதை எந்த அளவில் கொடுப்பது என்று உமையாள் சொல்லிவிடுவாள். சாலாவிடம் என் தோள்பட்டையைக் காரணமாகச் சொல்லவும். உமையாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் தபாலில் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் பிள்ளைகுட்டியோடு தீர்க்காயுசாக, குறைவில்லாமல் வாழ வேண்டும். சாலாவை மாடிப்படி ஏறி இறங்க விடவேண்டாம். பிறக்கிற பிள்ளைக்கு இப்போதே என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
தண்டாயுதபாணி

பி.கு.: மேலே எழுதியதை உறையில் வைத்துத் தபாலில் போடுவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது சாலா போன் செய்தாள். ஆத்தா இல்லையா என்றாள். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். சரி என்றவள் போனை வைக்கவில்லை. எப்போதும் வளவளவென்று பேசுகிற பெண். "அப்பச்சி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். விமானமா, விசாவா, நீங்கள் வருவீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. "வாரோம்த்தா" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டிக்கெட்டை நாராயண் உடனே போட்டான். திருச்சி விமான நிலையம் வரைக்கும் உங்கள் தாயாரும் வந்து, மணகோலம் பலகாரம் ஒரு டப்பா கொடுத்து வழியனுப்பினார்கள். பிள்ளை பிறந்த பிறகு அவர்கள் வருவதாகப் பேச்சு. கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இந்த வரிகளை விமானத்தில் உட்கார்ந்து, மடிப்புப் பலகையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் மன்னிக்கவும்.

இன்னொன்று மாப்பிள்ளை. பெல்ட்டைப் போட்டுக் கதவைச் சாத்தியதும் உமையாளின் கை என் கைமேல் வந்து விழுந்தது. சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்குமா பயம் என்றேன். "உங்களுக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் பயந்தா நம்ம புள்ளைகிட்ட யாரு போறது?" என்றாள். இத்தனை நாளும் இவள் எனக்காக ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்குப் பயப்பட நேரமில்லை. இது வேகம் எடுக்கிறது, இப்போது மூக்கைத் தூக்குகிறார், இந்தத் தடதடப்பு சக்கரம் உள்ளே போகிற சத்தம், இனி குலுக்கல் குறைந்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்னபடியே நடந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி, சார் பைலட்டா என்று கேட்டார். கொஞ்சம் பழக்கம் உண்டு என்றேன். இப்போது கீழே கடல். பார்த்துவிட்டேன். பெரியதாகத்தான் இருக்கிறது.

உமையாள் தூங்கிவிட்டாள். மேலே எழுதியதை நீங்கள் படிக்கவேண்டாம் என்று இப்போதே கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். கிழிக்க இரண்டு கை வேண்டும். ஒன்றை இவள் இன்னும் விடவில்லை.